வாசலுக்கு வெளியே வைத்த வாளி

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலையைக் குனிந்தபடி அமர்ந்திருக்கும், மறைந்த மேடத்தின் தம்பி அவர்களே, இருக்கை கிடைத்தவர்களே, கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் மாணவர்களே, பிணவறை ஊழியர்களே, வணக்கம்.

இந்த அரங்கில் எலுமிச்சை வாசனை அடிக்கிறது. கூட்டம் தொடங்கும் முன் யாரோ தெளித்திருக்கிறார்கள். நமக்குக் கீழ்த்தளத்தில்தான் பிணங்களைத் திறந்து பார்க்கும் நோய்க்குறியியல் துறை இருக்கிறது. அங்கிருந்து எதுவும் மேலே ஏறி வந்துவிடக் கூடாது என்று ஒரு கவலை. துக்கத்துக்கு வந்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாது அல்லவா!

எனக்கு முன் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். எல்லோரும் ‘திடீர் உடல்நலக் குறைவு’ என்றார்கள். ஒருவர் மட்டும் துணிந்து ‘வயிறு சம்பந்தப்பட்ட’ என்று ஆரம்பித்தார். உடனே தண்ணீர் குடித்தார். அப்புறம் மேடத்தின் பெருந்தன்மையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிட்டார்.

வாழ்நாள் முழுதும் பெருங்குடலைப் பற்றிப் பேசியவருக்கான இரங்கல் கூட்டம் இது. இதுவரை அந்தச் சொல் ஒரு தடவைகூட வரவில்லை. எனக்குக் குமட்டுகிறது. மன்னியுங்கள், வேறு சொல் தெரியவில்லை. குமட்டுகிறது.

ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். நம் பேராசிரியர், நோய்க்குறியியல் துறையின் முன்னாள் தலைவர், பட்டங்கள் அனைத்தும் அந்தப் பதாகையில் அச்சாகியிருக்கும் நம் மேடம், பெருங்குடலில் ஒரு பை வெடித்து, மலம் வயிற்றுக்குள் பரவி, அதனால் இறந்தார்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘வாளி.’ வாளி மேடம். அது பதாகையில் இல்லை. அவருக்குப் பிடித்த பட்டம் அது ஒன்றுதான்.

நான் மருத்துவன் இல்லை. மருத்துவ வரலாறு நடத்துகிறவன். கத்தி பிடிக்கத் தெரியாது. இந்த நோயின் வரலாற்றை நானும் மேடமும் சேர்ந்து எழுதினோம். அவர் திறந்து பார்ப்பார். நான் படித்துப் பார்ப்பேன். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “வாங்க வரலாறு” என்பார். “என்ன வரலாறு, இன்னிக்கு எந்தப் பெரிய மனுஷன் என்ன உளறியிருக்கான்?” என்பார்.

நோய் என்னவென்று மருத்துவம் படிக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெருங்குடலின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசைக்குள் ரத்தக் குழாய்கள் நுழைகிற இடங்களில் சிறிய பலவீனம் இருக்கும். உள்ளே அழுத்தம் கூடும்போது அந்த இடத்தில் குடலின் உள்தோல் வெளியே பிதுங்கும். பழைய டயரின் கிழிசலில் டியூப் பிதுங்குமே, அப்படி. பட்டாணி அளவில் ஒரு பை. அதற்குள் மலம் போய்த் தங்கும். காய்ந்து கறுத்து உருண்டையாகும். பலருக்கு ஆயுள் முழுதும் ஒன்றும் ஆகாது. சிலருக்கு அழற்சி. சிலருக்கு ரத்தம் கொட்டும். ஒரு சிலருக்கு வெடிக்கும். மருத்துவப் பெயர் டைவர்டிகுலர் நோய். மேடம் ‘பை’ என்று மட்டும் சொல்வார்.

இந்தப் பையின் வரலாறு என்ன தெரியுமா, அவையோரே? முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களின் வரலாறு.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு மருத்துவர் இப்படியொரு பிதுக்கத்தைப் பார்த்தார். எழுதிவைத்தார். கடந்து போனார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து இன்னொருவர் குனிந்து பார்த்தார். தசைக் கீற்றுகளுக்கு இடையில் பேரிக்காய் வடிவத்தில் சிறிய கறுத்த பைகள் வரிசையாக இருப்பதையும், உள்ளே மலம் இறுகிக் கிடப்பதையும் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வேறொருவர் ரத்தக் குழாய் நுழையும் ஓட்டை வழியாகத்தான் பை வெளியே வருகிறது என்று கண்டார். பிறகு எக்ஸ்ரே வந்தது. உயிரோடு இருப்பவரின் குடலுக்குள் வெள்ளைக் கரைசலை ஏற்றிப் படம் பிடித்தார்கள். எங்கே பார்த்தாலும் பை!

உடனே என்ன செய்தார்கள்? அறிவுரை சொன்னார்கள்.

குடலுக்கு ஓய்வு வேண்டும், நார்ச் சக்கையே சாப்பிடாதே, குழைந்ததாகச் சாப்பிடு என்றார்கள். அரை நூற்றாண்டு சொன்னார்கள். நோயாளிகள் அரை நூற்றாண்டு குழைந்த கூழைத் தின்றார்கள். பிறகு, தவறு, சக்கை இல்லாததால்தான் நோயே வருகிறது, தவிட்டைத் தின்னு என்றார்கள். தின்றார்கள். விதை பைக்குள் மாட்டிக்கொள்ளும், தக்காளி வேண்டாம், கொய்யா வேண்டாம், கடலை வேண்டாம் என்றார்கள். நிறுத்தினார்கள். இந்த நூற்றாண்டில்தான் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்துப் பார்த்தார்கள். விதைக்கும் நோய்க்கும் அப்படி ஒரு தொடர்பும் தெரியவில்லை. சாதாரண அழற்சிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கட்டாயம் என்றார்கள். பலருக்கு அது இல்லாமலே சரியாகிறது என்று அப்புறம் தெரிந்தது. சக்கை விஷயத்திலும் இப்போது தயக்கம் வந்திருக்கிறது.

அறிவு மாறலாம். மாற வேண்டும். எனக்கு அருவருப்பு அந்த முகத்தின் மேல். ஒவ்வொரு முறையும் அதே உறுதியான முகம்! போன தடவை சொன்னதற்கு ஒரு வருத்தம் உண்டா? கொய்யாப்பழத்தை இருபது வருடம் தொடாமல் செத்துப்போன ஒரு மனிதரிடம் யாராவது போய்ச் சொன்னார்களா?

இதை மேடத்திடம் படித்துக் காட்டுவேன். அவர் கேட்பது ஒரே கேள்வி.

“இந்த ஆளு எத்தனை குடலைத் திறந்து பார்த்தாராம்?”

“எண்ணிக்கை போடல மேடம்.”

“மூக்கைப் பொத்திக்கிட்டே எழுதியிருக்கான். அடுத்தது படிங்க.”

சரி. அது வெளியூர்க் கதை. நம் கதைக்கு வருகிறேன்.

நம் கல்லூரியின் பாடக் குறிப்புகளில் ஒரு வரி இருந்தது. இங்கே மேடையில் இருப்பவர்களும் அதை மனப்பாடம் செய்துதான் தேறினார்கள். ‘இந்நோய் நம் மக்களிடையே மிக அரிது.’ ஏன் அரிது என்பதற்கு விதவிதமான விளக்கங்கள் வைத்திருந்தோம். நம் உணவு. நம் உழைப்பு. நாம் உட்காரும் விதம். பெருமையாக இருந்தது. மலத்தில்கூட நாம் உயர்ந்தவர்கள்!

மேடம் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பிணக்கூறாய்வு அறையில் நிற்கிறார். அன்றைய துறைத் தலைவர் உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். உதவியாளர் எழுதுகிறார். இதயம், இன்ன எடை. கல்லீரல், இன்ன நிறம். குடல், குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை.

மேடம் மேசையைப் பார்க்கிறார். மேசையில் குடல் இல்லை.

“சார், குடல் எங்க சார்?”

“வெளிய.”

அந்தத் துறையின் வழக்கம் அது. உடலைத் திறந்ததும் முதல் வேலையாகக் குடலின் இரு முனைகளையும் நூலால் கட்டி, மொத்தமாக வழித்தெடுத்து, ஒரு வாளியில் போட்டு, வாசலுக்கு வெளியே வைத்துவிடுவார்கள். நாற்றம் தாங்காது என்பதால். பிறகுதான் நிதானமாக மற்ற உறுப்புகளைப் பார்ப்பார்கள். வாளி அப்படியே புதைக்கப் போய்விடும்.

“வெளிய இருக்கறது நல்லா இருக்குன்னு உள்ள இருந்தே தெரியுதா சார்?” என்று கேட்டார் மேடம்.

அறையே சிரித்தது. தலைவரும் சிரித்தார். “நீ புதுசும்மா. போகப் போகப் பழகிடும்.”

பழகவில்லை. மேடம் வெளியே போனார். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பிணவறையின் மூத்த ஊழியர், இதோ இங்கே நிற்கிறார், அன்றைக்குச் சொன்னாராம்.

“மேடம், அது உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன். இன்னும் டீ குடிக்கல நான்.”

“போய்க் குடிச்சிட்டு வாங்கண்ணே. எனக்கும் ஒண்ணு சொல்லிடுங்க.”

“இதப் பார்த்துட்டு எப்படி மேடம் இறங்கும்?”

“நமக்குள்ளயும் இதுதான்ணே இருக்கு. டீ அது வழியாத்தான் போவுது.”

அண்ணன் அன்று டீ குடிக்கவில்லை. மேடம் குடித்தார்.

யோசித்துப் பாருங்கள், அவையோரே. எத்தனை தலைமுறை ஆசிரியர்கள்! எத்தனை பிணங்கள்! ஒவ்வொரு அறிக்கையிலும் அதே வரி. அந்த வரிகளை எல்லாம் கூட்டித்தான் ‘அரிது’ என்று எழுதினார்கள். அதை நாம் படித்தோம். தேர்வில் எழுதினோம். மதிப்பெண் வாங்கினோம். திறக்காத குடலை நன்றாக இருக்கிறது என்று எழுதிய அந்தப் பேனாவைத்தான் நாம் அறிவியல் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நான் முதல் முறை அந்த அறைக்குப் போனபோது அவர் ஒரு குடலைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நாற்றத்தை விவரிக்கப் போவதில்லை. உங்களுக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதன் நூறு மடங்கு. அதன் மேல், உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நெடி. கண்ணில் நீர். கழுவி முடித்து ஒரு முனையைக் கட்டினார். மறு முனையில் புனலைச் செருகி ஃபார்மலினை ஊற்றினார். குடல் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. விறைத்ததும் மேலே ஒட்டியிருந்த கொழுப்பை விலக்கிக் காட்டினார். பைகள். கொழுப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. சும்மா கிழித்துப் பார்த்தால் சுருங்கிக் கிடக்கும், கண்ணில் படாது. ஊதிப் பெருக்கினால்தான் தெரியும். ஒன்றை நகத்தால் அழுத்தினார். உள்ளிருந்து கறுப்பாக ஓர் உருண்டை வந்து என் செருப்பருகே விழுந்தது.

நான் தொட்டியில் வாந்தி எடுத்தேன்.

“ஆச்சா?” என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வாந்தி வந்தா தப்பில்ல. எனக்கும் முதல் வருஷம் பூரா வந்துச்சு. எடுத்துட்டு வந்து பாருங்க. எடுத்துட்டு ஓடிப்போனாத்தான் தப்பு.”

நோய் அரிதாக இல்லை. தேடியதும் கிடைத்தது. முதியவர்களிடம் அடிக்கடி கிடைத்தது. வெளிநாட்டுப் புத்தகங்கள் இடது பக்கம் பார் என்றன. அவருடைய வாளிகளில் வலது பக்கத்திலும் இருந்தது, பல சமயம் வலது பக்கத்தில் மட்டுமே இருந்தது. வலது பக்கம் வலித்தால் நம் மருத்துவர்கள் குடல்வால் என்பார்கள். குடல்வாலை எடுத்துப் பார்த்தால் அது நன்றாக இருக்கும். பக்கத்தில் பை வீங்கியிருக்கும். இதை அவர் வகுப்பில் சொன்னார். கூட்டங்களில் சொன்னார். எழுதினார்.

பலன் என்ன? உணவகத்தில் அவர் தட்டோடு வந்தால் பக்கத்து மேசை எழுந்து போகும். பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். “மகாராணி மாதிரி கால நீட்டிக்கிட்டு வர்றேன்” என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

இனி அவருடைய மரணம்.

வலது பக்கம் வலி. நம் மருத்துவமனைக்கே வந்தார். சின்ன வயதிலேயே குடல்வாலை எடுத்துவிட்டார்கள், தழும்பு இருக்கிறது. பணியில் இருந்த இளம் மருத்துவர் தழும்பைப் பார்த்தார்.

“குடல்வால்தான் இல்லையேம்மா. கேஸ் ட்ரபிளா இருக்கும்.”

“கேஸ் இல்ல தம்பி. பை. ஸ்கேன் எடுங்க.”

“வயசானா இப்படித்தாம்மா ஏதாவது தோணும். மாத்திரை தர்றேன், நல்லாத் தூங்குங்க.”

அவருக்கு இவர் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருப்பார் என்கிறார்கள். அதைச் சமாதானமாக என்னிடம் சொல்கிறார்கள்! தெரியாத ஒரு கிழவிக்கு எடுக்க வேண்டாமா?

மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் வயிற்றைத் திறந்தார். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார், அவருக்கு என் வணக்கம். வெடித்த குடல் துண்டை வெட்டியெடுத்தார். வயிற்றைக் கழுவினார். ஆனால் நஞ்சு ரத்தத்தில் ஏறியிருந்தது. மேடம் கண் விழிக்கவில்லை.

வெட்டியெடுத்த துண்டு எங்கே போகும்? எல்லாத் துண்டும் போகிற இடத்துக்குத்தான். நோய்க்குறியியல் துறைக்கு. அவருடைய மேசைக்கு.

அது இன்னும் திறக்கப்படவில்லை.

துறைக் கூட்டத்தில் முதல்வர் அவர்கள் சொன்னதை இங்கே சொல்கிறேன். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். “மேடத்தோட மரியாதைக்கு இதெல்லாம் வேணாம்ப்பா. நம்ம பசங்க முன்னாடி அவங்க குடலக் கிழிச்சிக்கிட்டு, சே! மூடி, தம்பிகிட்டயே கொடுத்துடலாம். அவர் எரிச்சிடட்டும். ரிப்போர்ட்ல பொதுவா ஏதாவது எழுதிக்கலாம். மியூசியத்துல ஒரு பெரிய படம் வெச்சிடலாம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். இன்று காலை நான் கீழே போனேன். மேடத்தின் குடல் துண்டு இருக்கும் வாளி அறைக்குள் இல்லை. மூடி போட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணியும் போட்டு, வாசலுக்கு வெளியே வைத்திருந்தார்கள்.

மரியாதை!

நான் இதுவரை பார்த்த எந்தக் குடலும் அந்த வெள்ளைத் துணியைப் போல அருவருப்பாக இருந்ததில்லை. நாற்றத்துக்காக வெளியே வைத்தார்கள் முன்பு. இப்போது மரியாதைக்காக வைக்கிறார்கள். அறிக்கையில் எழுதப்போகிற வரி என்னவோ ஒன்றுதான்.

அந்த வாளிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் மேடத்தின் தம்பி உட்கார்ந்திருந்தார். வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். நாங்கள் பேசியதை இங்கே சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். “எதையும் விடாம சொல்லுங்க” என்றார். சொல்கிறேன்.

“இதுதானா சார்?” என்றார் வாளியைப் பார்த்து.

“ஆமா சார்.”

“மூடியத் தொறக்க மாட்டீங்கல்ல?”

“உங்க இஷ்டம்தான் சார்.”

பிறகு அவராகவே சொன்னார். “எங்க வீட்டுக்கு அக்கா வந்தா என் சம்சாரம் தனித் தட்டு வெப்பா. பின்பக்கம் குழாயடியில அது கவுந்து கெடக்கும். அக்காவே எடுத்துக் கழுவி, போட்டுத் தின்னுட்டு, மறுபடி கழுவிக் கவுத்துட்டுப் போயிடும். ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

பிறகு வாளியைக் காட்டிக் கேட்டார்.

“இதத் தொறந்தா என்ன சார் தெரியும்?”

“ஒரு பை வெடிச்சுதா, பலதான்னு தெரியும். பழைய அழற்சி இருந்துச்சான்னு தெரியும். முதல் நாளே ஸ்கேன் எடுத்திருந்தா பொழைச்சிருப்பாங்களான்னு ஓரளவு சொல்லலாம்.”

“தெரிஞ்சு அக்கா வரப்போவுதா?”

“இல்ல சார்.”

“பின்ன?”

“தழும்பு இருக்கிற இன்னொருத்தர் வலது பக்கம் வலிக்குதுன்னு வருவாங்க. இங்கயே வருவாங்க. அதே டாக்டர் இருப்பாரு. மேடம் எதுல செத்தாங்கன்னு காகிதத்துல இல்லன்னா, அவரு மறுபடியும் மாத்திரை கொடுத்து அனுப்புவாரு.”

அவர் வாளியின் மேலிருந்த துணியை எடுத்தார். மடித்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

“தொறந்து பார்த்துட்டு மியூசியத்துல ஜாடியில வெப்பீங்கல்ல, அதுல அக்கா பேரு போடுவீங்களா?”

“போட மாட்டோம் சார். வயசு, ஆணா பொண்ணா, என்ன நோய். அவ்வளவுதான். யாருக்குமே பேர் போடறதில்ல.”

“அப்போ யாரோ ஒரு பொம்பளன்னு பார்த்துட்டுப் போவாங்க.”

“ஆமா சார்.”

“அது சரியாத்தான் இருக்கும்” என்றார். “அந்த டாக்டருக்கும் யாரோ ஒரு பொம்பளதான.” பிறகு, “தொறக்கும்போது நான் பக்கத்துல நிக்கலாமா?” என்றார்.

“நாத்தம் தாங்க மாட்டீங்க சார்.”

“வாந்தி வந்தா எடுக்கறேன். எங்க எடுக்கணும்னு மட்டும் காட்டுங்க.”

முதல்வர் அவர்களே, தங்களுக்கு இது புதிய செய்தி. மேடை நாகரிகம் கருதி முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடியும் ஒரு கூட்டம் போடுவீர்கள் என்று சொல்லவில்லை. துண்டை உறவினரிடமே கொடுத்துவிடலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உறவினர் முடிவு செய்துவிட்டார். நம் இளைய உதவிப் பேராசிரியர் திறப்பார். கழுவி, கட்டி, நிரப்பி, ஒவ்வொரு பையாகப் பார்ப்பார். பார்த்ததைச் சொல்வார். நான் எழுதுவேன். அது எங்கள் வரலாற்றின் கடைசி அத்தியாயமாக இருக்கும். அதில் மாத்திரையும் இருக்கும், தழும்பும் இருக்கும், ‘பொதுவா ஏதாவது’ என்ற சொல்லும் இருக்கும்.

உறுதிமொழி எடுப்பது இத்தகைய கூட்டங்களின் வழக்கம். அவர் வழியில் நடப்போம், அவர் பணியைத் தொடர்வோம் என்றெல்லாம் எழுதி என் கையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படிக்கவில்லை. என்னுடையது சின்னது. இந்தத் துறையில் இனி, கண்ணால் பார்க்காத ஓர் உறுப்பைப் பற்றி நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதப்பட்டால், எழுதியவர் யாராக இருந்தாலும், அந்த அறிக்கையை இதே மேடையில் ஏறிப் படிப்பேன். பெயரோடு படிப்பேன்.

அடுத்து எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுசரிக்க வேண்டும். இந்த நோயைப் பொறுத்தவரை நாம் அனுசரித்த மௌனம் போதும் என்று நினைக்கிறேன்.

எழுந்து நில்லுங்கள். ஆனால் இங்கே நிற்க வேண்டாம். மேடத்தின் தம்பி ஏற்கெனவே எழுந்துவிட்டார், பாருங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படியை நோக்கிப் போகிறார். அவருக்கு வாசல் வரைதான் தெரியும், உள்ளே தொட்டி எங்கே என்று தெரியாது.

யாராவது கூடப் போங்கள்.